பின்னாலிருந்து ஒரு ‘கம் பேக்’

சித்திரபுரம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பனி அல்ல, தேயிலை வாசனையும் அல்ல. பின்பக்கமாகவே மேடேறி வருகிற ஒரு லாரி.

காலை நேரம். மின்சார இலாகா குடியிருப்பின் வரிசை வீடுகளுக்கு முன்னால் பனி இன்னும் கலையவில்லை. லாரியின் வால்பக்கப் பலகை முதலில் தெரிகிறது. அப்புறம் அதில் ஏற்றியிருந்த கம்பிச் சுருள்கள். கடைசியாக, டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில், கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருக்கும் என் கணவர். வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார், ஆனால் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. எனக்குத் தெரிந்தது அவருடைய பின்னந்தலை மட்டும்தான்.

நான் வாசற்படியில் நின்று ஒரு மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே, சமையலறைக் கதவின் மறைவிலிருந்து என் மாமியாரின் குரல் கேட்கிறது.

“திரும்பினானோடி?”

“இல்லேம்மா. வண்டிதான் வரது.”

“அப்போ செரி.”

அன்றைக்கு எங்கள் மூன்று பேரின் பிழைப்பும் இந்தப் பேச்சில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் நான் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும். இந்த அம்மாள் ஒரு கதையை ஆரம்பித்து வேறு கதைக்குத் தாவுகிறாள் என்று போன வாரம் ஒரு வாசகர் குறைப்பட்டிருந்தார். ஐயா, இந்த வாரமும் தாவத்தான் போகிறேன். பிடித்துக்கொள்ளுங்கள்.

சுவருக்கு அந்தப் பக்கத்து இங்கிலீஷ்

என் அப்பா ரயில்வேயில் கார்டு. நான் வளர்ந்தது பாலக்காட்டை ஒட்டிய ஒலவக்கோட்டில், ரயில்வே குடியிருப்பில். எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அந்த அம்மாளுக்கு வீடு கொள்ளாத பிள்ளைகள். கண் அசந்தால் தண்டவாளத்தைப் பார்த்து ஓடுகிற ரகம்.

அதனால் அந்த அம்மாள் நாள் முழுக்கக் கூப்பாடு போட்டபடியே இருப்பாள். கம் பேக்! கெட் பேக்! கிவ் இட் பேக்! புட் இட் பேக்! ரன் பேக் அண்ட் ஷட் தி கேட்! நான் துணி உலர்த்துகிற சாக்கில் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வேன்.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில் ராஜாவும் ராணியும் அரண்மனையும்தான் இருந்தார்கள். பாலக்காட்டில் நான் எந்த ராஜாவிடம் போய்ப் பேசுவது? ஒட்டிக்கொண்டது சுவர் தாண்டி வந்த இங்கிலீஷ்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி, ஓடுகிறவர்களைத் திருப்பிக் கூப்பிடுகிற இங்கிலீஷ்.

அதில் ஒரு வேடிக்கையை அப்போதே கவனித்திருந்தேன். நாம் ‘திரும்பி’ என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் வருகிறோம், போகிறோம், ஓடுகிறோம். இங்கிலீஷ்காரன் முதலில் ஓடிவிடுகிறான், நடந்துவிடுகிறான், பந்தை எறிந்தும் விடுகிறான். எந்தப் பக்கம் என்பதைக் கடைசியில்தான் சொல்கிறான். எந்தக் காரியமானாலும் சரி, வாலில் ஒரு பேக் போட்டுவிட்டால் அது புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. போகிற திரும்புதலுக்கு கோ பேக், வருகிற திரும்புதலுக்கு கம் பேக். பேசுகிறவர் எங்கே நிற்கிறார், மனசு எங்கே நிற்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

புறப்படுகிறவர்களுக்கான சட்டங்கள்

மாமியாரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்தில் பிறந்து, கல்பாத்தியிலேயே வாழ்க்கைப்பட்டு, பிள்ளைக்கு மலையில் வேலை கிடைத்ததும் எங்களோடு சித்திரபுரம் ஏறி வந்தவர். வரும்போது இரண்டு ஜாடி மாங்காய் ஊறுகாயும், வீட்டை விட்டுப் புறப்படுகிறவர்களுக்கான ஒரு மூட்டைச் சட்டங்களும் கொண்டுவந்தார். ஊறுகாய் மலை ஈரத்தில் பூத்துப் போயிற்று. சட்டங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புறப்படுகிறவர் ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது. ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். அவரை ‘எங்கே போறே’ என்று கேட்கக் கூடாது. கேட்டே ஆக வேண்டுமானால் ‘தூரமோ’ என்று கேட்கலாம். படியிறங்கியவரைப் பின்னாலிருந்து கூப்பிடவே கூடாது. படியிறங்கியவர் தானாகவும் திரும்பக் கூடாது. திரும்பிவிட்டால் உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அடுத்த நல்ல வேளை வரும்வரை காத்திருந்து, மறுபடி புதிதாகப் புறப்பட வேண்டும். அதற்குள் போன காரியம் ஆறிப்போய்விடும்.

என் கணவர் கிருஷ்ணன். வீட்டில் கிட்டு. இந்தச் சட்டங்களை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தார். படியிறங்கிவிட்டால், பின்னால் வீடு தீப்பற்றி எரிந்தாலும் ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிட்டுத்தான் என்ன என்று கேட்பார்.

கடைசிச் சட்டம் அம்மா தனக்கே போட்டுக்கொண்டது. போட்டுக்கொண்டது என்று சொல்வதுகூடத் தப்பு. ஊர் போட்டது. மாமனார் காலமான நாளிலிருந்து, நல்ல காரியத்துக்கு யார் புறப்பட்டாலும் அவர் எதிரே வரக் கூடாது. பெற்ற பிள்ளையாக இருந்தாலும் கூடாது. கிட்டு செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டதும் ஈரக்கையைத் தலைப்பில் துடைத்தபடி சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விடுவார்.

இதை எழுதும்போது இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவருக்கு வந்ததில்லை. மழை பெய்தால் குடை பிடிக்கிறோம், பிள்ளை புறப்பட்டால் மறைந்துகொள்கிறோம் என்கிற மாதிரி சாதாரணமாகப் போய் நின்றுகொள்வார்.

கிடாரி போட்ட முகம்

அடுத்த வீட்டில் செல்லத்தாய். லைன்மேனின் மனைவி, கடையநல்லூர்ப் பக்கம். பின்கட்டில் ஒரு சினைப்பசு கட்டியிருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்த புதிதில் ஒரு விடியற்காலை, அம்மா பல் தேய்க்க வெளியே போனவர் அவள் எதிரில் போய் நின்றுவிட்டார். பதறிப்போய் உள்ளே ஓடி வந்தார். அன்றைக்குப் பார்த்து அந்தப் பசு கிடாரிக் கன்று போட்டது. தாயும் சேயும் நலம்.

மறுநாள் விடிந்ததும் செல்லத்தாய் கையில் செம்போடு வந்து நின்றாள்.

“பெரியம்மா, செத்த வெளிய வாங்க. ஒங்க மொகத்தப் பாத்துட்டுத்தான் மடியில கைய வைக்கணும்.”

அம்மா வெலவெலத்துப் போனார். “அய்யோ, என் மூஞ்சியிலயா? வேண்டாண்டி. நான் எப்பேர்ப்பட்டவளாக்கும்னு நோக்குத் தெரியாது.”

“ஏன் தெரியாது? கெடாரி போட்ட மொகம். வாங்க பெரியம்மா, கன்னு கத்துது.”

அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். முதல் நாட்களில் அம்மாவை நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்த வேண்டியிருந்தது. போகப் போக அவரே முகம் கழுவி, நெற்றியில் விபூதியைத் தீட்டிக்கொண்டு, செல்லத்தாய் வருவதற்கு முன்பே பின்வாசலில் நின்றார். அங்கே நின்றால் எதிர் மலைச்சரிவில் வெயில் இறங்கி வருவது தெரியும். அதைப் பார்த்தபடி அவர் நிற்கிற நிற்பு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவர் சந்தோஷமாக இருந்தார். அவ்வளவுதான், வேறு எப்படிச் சொல்வது.

பாலக்காட்டில், என் கணவரின் அண்ணா வீட்டில், அம்மாவுக்கு இருந்தது சாமான் அறையோரம் பாய் விரிக்கிற ஓர் இடம். அங்கே கல்யாணம், சீமந்தம் என்று எது வந்தாலும் அவர் அந்த மூலையிலேயே இருந்துகொள்ள வேண்டும்.

அந்த மூலைக்குத் திரும்பிப் போக வேண்டி வருமோ என்கிற பயம் எங்கள் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டு அப்போது தற்காலிக குமாஸ்தா. நிரந்தரமாக்குவதற்கு ஒரு நேர்முகப் பரீட்சை வைக்கப்போவதாகச் சொன்னார்கள். தேறினால் வேலையும் வீடும் நிலைக்கும். தேறாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட்டு மலையிறங்க வேண்டியதுதான்.

பரீட்சை வைக்க வருகிற பெரிய இஞ்சினியர் சீமையில் படித்து வந்தவர். அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் வாசல் பலகையில் பெயருக்குப் பக்கத்தில் ‘இங்கிலாந்து ரிட்டர்ன்ட்’ என்று எழுதிக்கொள்வார்கள். திரும்பி வந்ததுகூட ஒரு பட்டம்! நாங்கள் பாலக்காட்டுக்குத் திரும்பிப் போனால் அதை யார் பலகையில் எழுதப்போகிறார்கள்?

அந்த மனிதருக்கு எழுதுகிற இங்கிலீஷ் போதாதாம். வாயைத் திறந்து பேச வேண்டுமாம்.

கூடத்தில் நடைப் பயிற்சி

கிட்டுவின் கையெழுத்து இங்கிலீஷ் முத்து முத்தாக இருக்கும். வாய் இங்கிலீஷ்தான் தகராறு. அவர் அதைக் கற்றது முழுக்க ஆபீஸ் காகிதங்களிலிருந்து. ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாம் என்று, சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் என்ன செய்வீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்ன பதில்:

“ஐ ஷல் ரிட்டர்ன் ஹியர்வித் டு தி ரெசிடென்ஸ், ஃபார் ஃபேவர் ஆஃப் காபி.”

நான் சிரித்த சிரிப்பில் அவருக்கு முகம் சுண்டிப் போயிற்று. “என்னாக்கும் சிரிப்பு? இலக்கணம் செரியாத்தானே இருக்கு?”

“இலக்கணம் செரிதான். மனுஷா யாரும் காபிக்கு இப்படி வரமாட்டா. ஐ வில் கம் பேக் ஃபார் காபின்னு சொல்லுங்கோ, போறும்.”

மறுநாளிலிருந்து எங்கள் கூடத்தில் பாடம் ஆரம்பமாயிற்று. எனக்குத் தெரிந்த ஒரே பாடமுறை ஒலவக்கோட்டு முறைதான். ஓட விட்டுக் கூப்பிடுவது. கணவரைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி, வாசல் வரை போகச் சொல்வேன். கம் பேக் என்பேன், வருவார். ரன் பேக் என்றால் ஓட வேண்டும். ஸ்டெப் பேக் என்றால் பின்வாங்க வேண்டும். தூணோரம் இருக்கும் சொம்பை எடுத்துவரச் சொல்லி, புட் இட் பேக் என்பேன், வைத்துவிட்டு வர வேண்டும். ஒவ்வொன்றையும் செய்தபடியே, செய்ததை அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உடம்பு நடந்தால் வாயும் கூடவே நடந்தது. உட்கார வைத்தால் மறுபடி ஹியர்வித் வந்துவிடும்.

அம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டே இதையெல்லாம் பார்ப்பார்.

“ஆம்படையானை இப்படி விரட்டற மாட்டுப்பொண்ணைக் கல்பாத்தி கண்டதில்லை” என்றார் முதல் நாள். இரண்டாம் நாள் அவருக்கு வேறு கவலை வந்தது. “ஏண்டி பாகி, வாசப்படி தாண்டினவனைப் பின்னாலேருந்து கூப்பிடறியே?”

“அம்மா, இது இங்கிலீஷ்.”

அவர் முறத்தைத் தட்டினார். யோசிக்கிறார் என்று அர்த்தம். சில நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது.

“பாகி, பல்லிக்கு இங்கிலீஷ் தெரியுமோ?”

“தெரியாது.”

“குறுக்கே போற பூனைக்கு?”

“அதுக்கும் தெரியாதும்மா.”

“அப்போ இங்கிலீஷுக்குச் சகுனம் கெடையாது. நீ கூப்பிட்டுக்கோ.”

தீர்ப்பு சொன்னவர் அதோடு விடவில்லை. தானும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். செல்லத்தாயின் கன்று அவரைக்காய்ப் பாத்தியில் வாயை வைத்தால் ‘கோ பேக்’ என்று விரட்டுவார். அது தாயிடம் போகாமல் சாலைப் பக்கம் துள்ளினால் ‘கம் பேக், கம் பேக்’ என்று கெஞ்சுவார். அந்தக் கன்றுக்குக் கிட்டுவை விடச் சீக்கிரம் இங்கிலீஷ் வந்தது.

ஒரு நாள் அரிசி களைந்துகொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே என்னைக் கேட்டார். “பாலக்காட்டுக்கு எது சொல்லணும்? கோ பேக்கா, கம் பேக்கா?”

“இங்கே இருந்துண்டு சொன்னா கோ பேக்தாம்மா.”

“நேக்கு அந்த கோ வேண்டாம்” என்றார். பரீட்சையைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான். நான் அன்றைக்குச் சாயங்காலம் கிட்டுவை இன்னும் நாலு தடவை கூடுதலாக ஓட விட்டேன்.

கண்ணாடி

பரீட்சை நாள் வந்தது. மலைக்குக் கீழே பள்ளிவாசல் என்கிற ஊரிலிருந்த இலாகா ஆபீசில் வைத்து நடப்பதாக ஏற்பாடு. கம்பிச் சுருள் ஏற்றிக்கொண்டு கீழே இறங்குகிற இலாகா லாரியில் கிட்டுவையும் கூட்டிப்போவதாக டிரைவர் மாரப்பன் சொல்லியிருந்தார். மாரப்பன் நம் கிழக்குப் பாலக்காட்டுக்காரர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். நிலத்தில் தண்ணீர் இல்லாத வருஷத்தில் மலையேறி ஸ்டியரிங் பிடித்தவர்.

கிட்டு இரவல் கோட்டு மாட்டிக்கொண்டார். நல்ல வேளை முடிவதற்குள் படியிறங்கிவிட வேண்டும். அதற்கு முன் அம்மாவிடம் ஆசீர்வாதம் வாங்க வேண்டும். அம்மாதான் வாசலுக்கு வரமாட்டாரே! ஆகவே பிள்ளை சமையலறைக்குள் போனார். உள்ளே சோறு கொதித்து ஒரே ஆவி. அவருடைய மூக்குக் கண்ணாடி எப்போதும் போல மங்கிப்போயிற்று. கழற்றித் தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு விழுந்து நமஸ்காரம் செய்தார். எழுந்தார். வந்தார். லாரியில் ஏறினார்.

கண்ணாடி இல்லாதது அவருக்குத் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். வெளியே அப்படிப்பட்ட பனி. கண்ணாடி போட்டவர், போடாதவர் எல்லாருக்கும் அன்றைக்கு ஒரே பார்வைதான்.

லாரி புறப்பட்டு, கீழே இறங்கும் முதல் வளைவை நெருங்கும்போதுதான் அம்மா குடத்தில் தண்ணீர் மொள்ளப் போனார்.

“பாகி! கண்ணாடி!”

கண்ணாடி இல்லாமல் அவருக்குப் புத்தகமும் ஒன்றுதான், புகையிலைக் கட்டும் ஒன்றுதான். பரீட்சையில் ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். கண்ணாடியை வாங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சகுனத்தில் நம்பிக்கை இல்லாதவள்தான் நான். ஆனாலும் நல்ல காரியத்துக்குப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட என் நாக்கே எழும்பவில்லை. சின்ன வயதிலிருந்து ஊட்டியது அத்தனை லேசில் போய்விடுமா?

உள்ளேயிருந்து அம்மா கத்தினார். “இங்கிலீஷ்லே கூப்பிடுடி! இங்கிலீஷ்லே!”

அவ்வளவுதான், ஒலவக்கோட்டு அம்மாள் என் தொண்டைக்குள் வந்து இறங்கிவிட்டாள்.

“கம் பேக்! கம் பேஏஏக்!”

செல்லத்தாய் வீட்டுக் கோழிகள் சிதறின. லாரி நின்றது.

லாரிக்குள் நடந்ததை என் கணவர் பின்னால் சொல்லித்தான் தெரியும்.

“ஏனுங்க சாமி, அம்மணி கூப்புடறாங்க” என்றிருக்கிறார் மாரப்பன்.

“கேட்டது. ஆனா நான் திரும்பப்படாது மாரப்பா. அம்மா சம்மதிக்க மாட்டா.”

“நீங்க எதுக்குங்க திரும்போணும்? வண்டியவே இங்க திருப்ப முடியாதுங்க. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். அப்படியே பின்னால உடறேனுங்க. நீங்க பாட்டுக்கு முன்னால பாத்துட்டு உக்காந்திருங்க.”

அப்படித்தான், இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் நீங்கள் பார்த்தபடி, லாரி பின்பக்கமாக மேடேறி எங்கள் வாசலுக்கு வந்தது. நான் ஓடிப்போய் அருகில் நின்றேன். கிட்டு முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் வெளியே நீட்டினார். கண்ணாடியை உள்ளங்கையில் வைத்தேன். மாட்டிக்கொண்டார். நேராக முன்னால் பார்த்தபடியே கேட்டார்:

“வேறே ஏதாவது மறந்துட்டேனோ?”

“ஒண்ணுமில்லே. கேட்டா சொந்தப் பேரைச் செரியாச் சொல்லுங்கோ.”

லாரி மறுபடி இறங்கிப் போயிற்று. நான் உள்ளே வந்தேன். கதவுக்குப் பின்னால் நின்றபடியே அம்மா எல்லாக் கணக்கையும் போட்டு முடித்திருந்தார்.

“கிட்டு திரும்பலை. வண்டியும் திரும்பலை. யாரும் திரும்பாமத்தான் வந்துட்டுப் போயிருக்கா. தோஷமில்லே.”

ஓடி வந்த வேகத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “அம்மா, நீங்கோ வாசல்லே நின்னுண்டிருந்தா அவர் சமையலுள்ளுக்கே வந்திருக்க மாட்டார். கண்ணாடியைக் கழட்டியிருக்க மாட்டார். இன்னிக்கு வந்த கெட்ட சகுனம் நீங்கோ எதிரே வந்ததாலே இல்லே. ஒளிஞ்சுண்டதாலே.”

அம்மா சோற்றை வடிக்கப் போனார். கஞ்சி வடிந்து முடிந்த பிறகும் பானையை நிமிர்த்தாமல் பிடித்துக்கொண்டே நின்றார். சொன்னது கூடிப்போயிற்றோ என்று எனக்கு அன்று முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

இங்கிலாந்து ரிட்டர்ன்ட்

சாயங்காலம் கிட்டு வந்ததும் சமையலறையிலிருந்து முதல் கேள்வி இங்கிலீஷில் வந்தது.

“கம் பேக்?”

“கேம் பேக், அம்மா” என்று சொல்லிவிட்டுக் கோட்டோடேயே தரையில் உட்கார்ந்தார். காபியைக் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். நானாக இருந்தால் அதற்குள் செத்திருப்பேன்.

படிக்கச் சொன்ன பக்கத்தைப் படித்துவிட்டாராம். கண்ணாடி வாழ்க. அடுத்து இஞ்சினியர் இங்கிலீஷில் கேட்டாராம், ஏன் தாமதம் என்று. கிட்டு வழக்கம்போல ‘ஐ பெக் டு சப்மிட்’ என்று தொடங்கி, அதற்கு மேல் போக முடியாமல் நின்றுவிட்டார். வேர்த்துக் கொட்டியதாம். அப்போது என் நினைவு வந்ததாம். அன்பினால் வந்ததல்ல, பயத்தினால் வந்தது என்று அவரே சொன்னார்.

உடனே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அறைக் கதவு வரை நடந்தார். நடந்துகொண்டே சொன்னார்: ஐ வென்ட் டவுன், சார். மை ஒய்ஃப் கால்டு மீ பேக். ஐ டிட் நாட் டர்ன் பேக். ஐ டிட் நாட் லுக் பேக். தி லாரி கேம் பேக், சார். இதைச் சொல்லும்போது பின்பக்கமாகவே நடந்து வந்து, இஞ்சினியரின் மேஜையில் இடுப்பு இடிக்க நின்றாராம்.

“வொய் டிட் யூ நாட் டர்ன்?” என்று கேட்டாராம் இஞ்சினியர்.

“மை மதர் வில் நாட் பெர்மிட், சார்.”

இஞ்சினியர் முதலில் சிரிக்கவில்லையாம். பேனாவை மூடி வைத்தாராம். சீமைக்குக் கப்பலேறப் புறப்பட்ட அன்று அவரும் எதையோ மறந்து வீட்டுக்குத் திரும்பினாராம். அவருடைய அம்மா, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, நல்ல வேளை வரும்வரை வாசலைத் தாண்ட விடவில்லையாம். கப்பலைப் பிடித்ததே பெரும் பாடாகிவிட்டதாம். படித்து முடித்துத் திரும்பி வந்தபோது அந்த அம்மா இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் சிரித்தாராம். அப்புறம் இங்கிலீஷை விட்டுவிட்டு மலையாளத்தில் ஒரே வாக்கியம்:

“வீட்டில் செந்நு அம்மயோடு பறஞ்ஞோளூ, ஜோலி ஸ்திரமாயி எந்நு.”

வேலை நிரந்தரமாகிவிட்டது என்று வீட்டில் போய் அம்மாவிடம் சொல் என்றிருக்கிறார். கிட்டு அதை அப்படியே, அந்த மலையாளத்திலேயே, சமையலறையைப் பார்த்துச் சொன்னார். உள்ளே கரண்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தபோது அம்மா கரண்டியை எடுக்காமல் பின்வாசல் பக்கம் போய்விட்டிருந்தார். அங்கே செல்லத்தாயிடம், பாலக்காட்டுத் தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் கலந்து, என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்கு எந்த மொழியில் புரிந்ததோ தெரியாது. அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அம்மா மடி, ஆசாரம் எதையும் பேசவில்லை.

இன்னொரு புறப்பாடு

சில வாரங்களுக்குப் பிறகு கிட்டு திருவனந்தபுரம் போக வேண்டி வந்தது. நிரந்தரமானவர்களுக்கு அங்கே மாதக்கணக்கில் பயிற்சி. அம்மாவை விட்டு அவர் அத்தனை நாள் பிரிந்திருந்ததே இல்லை.

அன்றும் காலை, அன்றும் மாரப்பனின் லாரி, அதே இரவல் கோட்டு. கண்ணாடி மூக்கில் இருக்கிறதா என்று நான் தொட்டே பார்த்துவிட்டேன். கிட்டு சமையலறைக்குள் போய் நமஸ்காரம் செய்யத் திரும்பினார். அம்மா அங்கே இல்லை. கொல்லையில் இருப்பார் என்று எட்டிப் பார்த்தார். அங்கேயும் இல்லை. நேரமாகிறது என்று மாரப்பன் ஹாரன் அடித்தார். அம்மா வேண்டுமென்றே தள்ளிப் போய்விட்டார் என்று கிட்டு நினைத்துக்கொண்டார். முகம் வாடிவிட்டது. என்னிடம் போயிட்டு வரேன் என்றார், படியிறங்கினார், லாரியில் ஏறிக்கொண்டார்.

லாரி நகர்ந்தது.

என் பக்கத்தில் புடவை சரசரக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அம்மா. செல்லத்தாய் வீட்டுப் பக்கமிருந்து சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார். முகம் கழுவி, விபூதி இட்டு, தினமும் பசுவுக்கு எப்படி நிற்பாரோ அப்படி. பின்னால் செல்லத்தாய், அவரை நான்தான் தள்ளிக்கொண்டு வந்தேன் என்கிற பெருமையோடு நின்றாள்.

அம்மா எங்கள் வீட்டு முன்வாசலுக்கு நேரே, வெட்டவெளியில் நின்றார். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“கிட்டா! கோ! கம் பேக்! கம் பேக்!”

லாரியின் முன் இருக்கையில் அந்தக் கறுப்புக் கோட்டு அசைந்தது. கண்ணாடிக்காகத் திரும்பாதவர், வேலைக்காகத் திரும்பாதவர், திரும்பினார். உடம்பையே திருப்பி, ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, வாசலில் நிற்கிற அம்மாவைப் பார்த்தார்.

“ஏண்டா திரும்பறே? நான் இங்கிலீஷ்லேதானே சொன்னேன்!” என்று அம்மா கத்தினார். கத்திக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அவர் திரும்பியது திரும்பியதுதான். லாரி வளைவில் மறைகிற வரைக்கும் அந்த முகம் எங்கள் பக்கமே இருந்தது.

அம்மா உள்ளே போகவில்லை.